அறுபத்தொரு விழுக்காடு

பீடோரைத் தாண்டி, கொய்யாக் கடைகள் முடிகிற வளைவில்
எங்கள் செம்பனை ஆலை.
இங்கே இரவுக்கும் நாற்றம் உண்டு:
வேகிற குலை, கழிவுக்குட்டை, டீசல்.

தைப்பூசத்துக்கு மறுவாரம்
எடைமேடைக்கு மேலே ஒரு கண்ணை மாட்டினார்கள்.
ஈ உட்கார்ந்தாலும் இமைக்காத கண்.
லோரி கொட்டும் குலைகளைப் பார்த்துப்
பழம், காய், அழுகல் என்று திரையில் எழுதும்.
பதினேழு வருஷமாய் நான் செய்த வேலை.
என்னை நிறுத்தவில்லை.
பக்கத்தில் உட்கார வைத்தார்கள்,
அது தப்பினால் திருத்த.

பொருத்த வந்த ஹைக்கல் சொன்னான்:
"பயப்படாதீங்க காக்கா,
இதுக்கு மனசெல்லாம் இல்ல. வெறும் கணக்கு."
என் சம்பளச் சீட்டும் வெறும் கணக்குதான் தம்பி,
அதைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.
ஆ குவாயின் லோரி.
ரெண்டு ஏக்கர்க்காரர், எஞ்சின் மட்டும் பெரிய முதலாளி மாதிரி உறுமும்.
ஒன்பது குலை காய் என்று ஏற்கெனவே எழுதியாயிற்று.
பத்தானால் லோரிக்கே விலை இறங்கும்.
அப்போது விழுந்தது அது:
ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு.
கண் யோசித்தது. (யோசித்தது என்றுதான் வாயில் வருகிறது.)
திரையில்:
சந்தேகம் 61%.

சந்தேகம் எனக்குத் தெரியும்.
அடிவயிற்றில் தொடங்கும்.
குலையை பூட்ஸால் புரட்டுவேன்,
உதிர்ந்ததை எண்ணுவேன்,
ஆ குவாய் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன்.
அவர் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் உருட்டுவார்.
இந்தக் கண்ணுக்கு அடிவயிறு எங்கே?

ஆனால் போன மாதம் தாப்பா ஆஸ்பத்திரியில்
பித்தக்கல்லோடு சுருண்டு கிடந்தபோது
மிஸ்ஸி கேட்டாள்: வலி, பத்துக்கு எத்தனை?
ஏழு என்றேன்.
வாய்க்கு முதலில் வந்த எண்.
என் வலியை அவள் பார்க்கவில்லை.
ஏழு என்ற சொல்லுக்கு ஊசி போட்டாள்.
என் ஏழு வலி என்றால்
இதன் அறுபத்தொன்று என்ன?

கூப்பிடாமலே இன்னொன்றும் வந்தது.
ஆபீஸ் மாடியில் கரையான் தின்ற செக்ரோல்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று.
பெயர் கிடையாது, எண்தான்.
இருநூற்றுப் பதினாலு: காய்ச்சல் என்கிறான்.
பக்கத்தில் துரையின் சிவப்பு மை: நடிப்பு.
தொட்டுப் பார்த்திருக்க மாட்டான்.
நாலு பக்கம் தள்ளி
இருநூற்றுப் பதினாலு இல்லை.

அதனால் யாராவது
"அதுக்குள்ள ஒண்ணுமில்ல" என்று சட்டென்று சொன்னால்
என் கழுத்து மயிர் நிற்கும்.
இருக்கிறது என்று சொல்லவும் நா எழவில்லை.
அந்த மனிதனுக்கு உடம்பாவது கொதித்தது.

ஏணி வைத்து ஏறினேன்.
மழையில் தகரம் சில்லிட்டிருந்தது,
இரும்புத்தூண் சில்லிட்டிருந்தது.
கண்ணின் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு.

விசிறி அடைத்திருக்கும், என்கிறது ஒரு புத்தி.
அப்படியே கையை வைத்திரு, என்கிறது இன்னொன்று.

"காக்கா, லோரி நிக்கிது!"
கீழேயிருந்து ஷொஹெல்.
இறங்கினேன். பொத்தானை அழுத்தினேன்:
பழம்.
ஆ குவாய் சிகரெட்டைப் பற்றவைத்தார்.
திரை சொன்னது: திருத்தம் கற்றுக்கொள்ளப்பட்டது.

என்ன கற்றது?
குலையின் நிறத்தையா?
அந்த நெருப்புக்குச்சியையா?
என்னையா?

மூன்று வாரம் கழித்து அதே உறுமல்.
அதே மாதிரி ஒரு குலை,
பாதி சிவப்பு, பாதி கறுப்பு.
கண் இம்முறை தயங்கவில்லை.
பழம், என்றது. தொண்ணூற்று நாலு.

பூட்ஸால் புரட்டினேன்.
ஒரு பழம்கூட உதிரவில்லை.
காய்.

திருத்தும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு
ஆ குவாய் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
கண்ணையும்.